பதினோராம் இரவு

வட இந்தியாவின் கார்வால் மலைநாட்டிலே அளகநந்தையும் மந்தாகினியும் கலக்குமிடம் உருத்திரப்பிரயாகை. தேவாரம் பெற்ற திருக்கேதாரத்துக்கும் பத்ரிநாதத்துக்கும் செல்லும் யாத்திரை வழிகள் பிரிவது அங்கேதான். 1918 முதல் 1926 வரை, பொழுது சாய்ந்தபின் அவ்வழியில் நடக்க எவரும் துணிந்திலர். ஊர்கள் மாலையிலேயே கதவடைத்தன. அரசாங்கக் கணக்கின்படி 125 பேரைக் கொன்ற ஆட்கொல்லிச் சிறுத்தையொன்று அங்கே உலாவியதே காரணம். பொறியும் நஞ்சும் பயனளிக்கவில்லை. 1925இல் ஜிம் கோர்பெற் என்னும் வேட்டைக்காரர் அங்கு வந்து சேர்ந்தார்.

மானுக்குப் பரண் கட்டுவோன் காற்றுத் திசை மாறினால் பரணையும் மாற்றுவான். மானுக்கு மோப்பமே காவல். சிறுத்தையோ கண்ணையும் செவியையுமே பெரிதும் நம்புவது. ஆகவே காற்றைப் பார்த்து இடம் மாற்றும் எளிய வழி கோர்பெற்றுக்குப் போதவில்லை. எங்கே காத்திருப்பது, எத்தனை நாள் காத்திருப்பது என்பதே அவர்முன் நின்ற வினா. தவறான இடத்திலே கழியும் ஒவ்வோர் இரவும் வேறோர் ஊரில் ஓர் உயிரைக் கேட்கக்கூடும்.

முதலில் அவர் தேர்ந்தது உருத்திரப்பிரயாகைத் தொங்குபாலத்தின் கோபுரம். 1921இல் அதே பாலத்தில் காத்திருந்த இளம் அதிகாரியொருவர் சுட்டதில் சிறுத்தையின் பாதத்தில் காயம் பட்டிருந்தது. ஆற்றைக் கடக்க அது மீண்டும் வரும் என நம்பி, குளிர்காற்றிலும் எறும்புக் கடியிலும் இருபது இரவுகள் அமர்ந்தார் கோர்பெற். பாலத்தைக் கடந்தது ஒரு நரி மட்டுமே! குண்டு பட்ட இடத்தை அவ்விலங்கு ஐயுற்றிருக்கவும் கூடும். ஈற்றில் களைப்புற்று ஊர் திரும்பினார், சாவுகள் நிற்கவில்லை.

1926 வசந்தத்தில் மீண்டு வந்தவர், இம்முறை கணக்கொன்றைக் கையிற் கொண்டார். உருத்திரப்பிரயாகைக்கும் கோலாப்பிறாய் என்னும் தங்குமிடத்துக்கும் இடைப்பட்ட வழியிலே, சராசரியாக ஐந்து நாளைக்கு ஒருமுறை சிறுத்தை நடமாடியதை அவர் கவனித்திருந்தார். அங்கே வழியோரத்து மாமரமொன்றில் பத்து இரவுகள் இருப்பதென்று முடிவு செய்தார். பத்து இரவென்றால் இரு வாய்ப்பு. கீழே, கழுத்தில் மணி கட்டிய வெள்ளாடு.

பத்து இரவும் வீணாயின. நண்பரான மாவட்ட அதிகாரி இபற்சனுக்கும் பவுரிக்குத் திரும்ப வேண்டிய வேலை இருந்தது. பரணைக் கலைப்பதற்கு வேண்டிய நியாயமெல்லாம் இருந்தது. எனினும் இன்னுமோர் இரவு இருப்பதென்று கோர்பெற் துணிந்தார். இதனைப் பிடிவாதம் எனல் பொருந்தாது. பாலத்தில் அவரை இருத்தியது வெறும் நம்பிக்கை. மாமரத்திலோ கணக்கு பொய்த்ததென்று சொல்லச் சான்றில்லை, வரவேண்டியது பிந்தியதென்றே கொள்ளலாம். பாலத்தை விட்டதும் சரி, மரத்தை விடாததும் சரி.

அன்று மாலை பொதி சுமக்கும் ஆடுகளுடன் வணிகரொருவர் வந்து மரத்தருகே தங்கினார். இருட்டிய பின் அவருடைய நாய் குரைத்தது, பின்பு ஓய்ந்தது. திடீரென ஆட்டின் மணி ஒலித்தது. கோர்பெற் மின்விளக்கை அழுத்திச் சுட்டார். விளக்கு உடனே அணைந்துபோயிற்று. பட்டதோ படவில்லையோ என்று அறியாமல் விடியும்வரை மரத்திலேயே இருந்தார்.

வெளிச்சம் வந்ததும் இறங்கினார். ஆடு உயிருடன் நின்றது. சரிவில் ஐம்பது யார் தூரத்தில், குழியொன்றில், முதிர்ந்த ஆண் சிறுத்தை இறந்து கிடந்தது. நீளம் ஏழடி ஆறங்குலம். பின்காலொன்றின் பாதத்திலே, 1921இல் பாலத்தில் பட்ட குண்டின் பழைய வடு இருந்தது.