தண்ணீர் மேல் விழுந்த பழி

சென்னையின் தென்புறநகரான கீழ்க்கட்டளையிலும் அதை ஒட்டிய மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் பகுதிகளிலும் வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் “தண்ணி உப்பா?” என்று கேட்பது குடிப்பதை நினைத்து அல்ல, குடிக்கத்தான் கேன் வருகிறதே. தலைக்கு ஊற்றினால் முடி கொட்டுமா என்பதுதான் அவர்கள் கவலை. இந்தக் கவலைக்கு அதிக வயதில்லை. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்கும் நீர் வழிந்த காலத்தில் இது ஏரிப் பாசன ஊர். வயல்கள் மனைகளாயின, மனைகளில் அடுக்குமாடிகள் எழுந்தன. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவாவதற்கு வெகு முன்பே, குழாய்த் தண்ணீருக்குக் காத்திராமல் ஆட்கள் வந்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு போர் போட்டார்கள்; கோடையில் லாரியைக் கூப்பிட்டார்கள். இந்த வட்டாரத்தின் அடியில் இருப்பது பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் கரும்பாறை வகை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல்லும் அதுவே என்பதால், நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் அதற்குச் சார்னகைட் என்று பெயர் வைத்தார். அந்தப் பாறை இடுக்குகளில் தேங்கிய நீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. சோப்பு நுரைப்பதில்லை, ஷவர் அடைத்துக்கொள்கிறது, பக்கெட்டில் வெள்ளை படிகிறது. பக்கெட்டையே இப்படிச் செய்யும் தண்ணீர் மண்டையை என்ன செய்யும் என்ற பயம் இயல்பானதுதான். ஆனாலும் இந்த வழக்கில் தண்ணீர் குற்றவாளி இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

முதல் சாட்சி வழுக்கையின் வடிவம். தண்ணீர் மண்டை முழுவதும் பாய்கிறது. ஆண்களுக்கு முடி உதிர்வதோ நெற்றியின் இருபுறமும் உச்சியிலும். பிடரியில் கடைசிவரை முடி நிற்கிறது. அதே தொட்டித் தண்ணீரில் குளிக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வடிவத்தில் சொட்டை விழுவதில்லை. காரணம் உடலுக்குள் இருப்பதற்கான தடயம் மிகப் பழையது: ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூலே குறிப்பிடுகிறது. 1942-இல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் அதைச் சோதித்து நிறுவினார். பருவம் எய்துவதற்கு முன் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை வரவில்லை. அவர்களுக்கு ஆண் ஹார்மோனைக் கொடுத்தபோது, வழுக்கை உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு முடி உதிரத் தொடங்கியது. பரம்பரை, ஹார்மோன், வயது மூன்றும் சேர வேண்டும். பின்னர் 1959-இல் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் பிடரி முடியை உச்சியில் நட்டால் அது பிடரி முடியின் குணத்தோடே வளர்கிறது என்று எழுதினார். இன்று சென்னையில் நடக்கும் முடிமாற்றுச் சிகிச்சை முழுவதும் இந்த ஒரு கண்டுபிடிப்பின் மேல் நிற்கிறது. நட்ட முடிக்கும் அதே போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார்கள்.

பக்கத்துக் குரோம்பேட்டையைக் காட்டி ஒருவர் மறுக்கலாம். குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற ஊர் அது. தோல் பதனிடும் இடத்தில் ஆட்டுத்தோலின் மயிரைக் கழற்றுவது சுண்ணாம்புத் தொட்டிதானே, கடின நீரில் இருப்பதும் சுண்ணாம்புச் சத்துதானே என்று. ஆனால் தொட்டியில் இருப்பது பி.எச். 12-ஐத் தாண்டும் நீற்றுச் சுண்ணாம்பு, கூடவே சோடியம் சல்பைடு. தோல் அதில் மணிக்கணக்கில் ஊறுகிறது. போர் தண்ணீரின் பி.எச். பெரும்பாலும் 7, 8 அளவில் நிற்கும். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவமனை மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் 15 பெண்களின் கூந்தலை வெட்டி, ஒரு பாதியைக் கடின நீரிலும் மறு பாதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் ஒரு மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் நனைத்தார்கள். இழுவலிமையிலும் நெகிழ்விலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பாகிஸ்தானில் ஆண்களின் முடியை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, கடின நீரில் முடியின் வலிமை குறைவதாகச் சொன்னது உண்மை. அதையே ஏற்றுக்கொண்டாலும் நிரூபணமாவது முடி நடுவில் முறியும் என்பது மட்டுமே. தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது. வேர் உள்ளே இரத்தத்தை நம்பி இருக்கிறது. பல்லாவரம், நாகல்கேணிப் பக்கத்து நிலத்தடி நீரில் தோல் பதனிடும் ஆலைக் கழிவின் குரோமியம் கலந்தது வேறு கதை. அது உண்மையான கேடு, அதற்காகக் கோபப்பட முடி தேவையில்லை.

“தாத்தா காலத்தில் ஏரியில் குளித்தார்கள், யாருக்கு வழுக்கை இருந்தது?” என்ற கேள்விக்குத்தான் வரலாறு உதவுகிறது. தாத்தாவின் தாத்தாவுக்குக் குடுமி. முன்மண்டையை மழித்துப் பின்னால் முடிந்துகொள்வது தமிழ்நாட்டில் பல சாதிகளிலும் இருந்த வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்கள் சாட்சி. வழுக்கை எங்கே தொடங்குமோ அந்த இடத்தை அம்பட்டன் கத்தி முன்கூட்டியே வெறுமையாக்கியிருந்தது. மிஞ்சியதை முண்டாசு மூடியது. இருபதாம் நூற்றாண்டில் கிராப்பு பரவிய பிறகே நெற்றி ஏறுவது ஊர் கண்ணில் பட்டது. வழுக்கை புதிதாக வரவில்லை, அதை மறைத்த திரை போனது.

எல்லாவற்றையும்விட வலுவான எதிர்வாதம் அனுபவம்: “இங்கே வந்ததும் கொட்டியது, சொந்த ஊருக்குப் போனதும் நின்றது.” இதைப் பொய் என்று தள்ள முடியாது. தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி. பெரும்பாலானவை வளர்நிலையில், ஒரு சிறு பங்கு ஓய்வில். கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பட்டினி, பிரசவம் ஆகியவற்றின் அதிர்ச்சியில் பல வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போகும், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிரும். தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961-இல் விவரித்த நிலை இது. அடுத்த சில மாதங்களில் பெரும்பாலும் தானாக அடங்கும், இடையில் ஃபில்டர் மாட்டியிருந்தால் பெருமை ஃபில்டருக்கு. டெங்கு அடித்து எழுந்தவருக்குக் காய்ச்சல் மறந்திருக்கும், தண்ணீர் கண்ணெதிரே இருக்கும். பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் இதே வேலையைச் செய்யும். இரண்டையும் ஓர் இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். வேலை, திருமணம், குழந்தை என்று புறநகரில் குடியேறும் 25 முதல் 40 வரையான வயதுதான் பலருக்கு இவை அத்தனையும் வந்து சேரும் வயது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போகும் பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு புகுந்த வீடு திரும்புவது நம் வழக்கம். பிரசவத்துக்குப் பிந்தைய உதிர்வு சூடுபிடிப்பதும் ஏறக்குறைய அதே வாரங்களில். கீழ்க்கட்டளைக்கு வந்து முதல் தலைக்குளியலில் சீப்பு நிறைய முடி வந்தால், தாய் வீட்டுத் தண்ணீர் நல்லதாகவும் இந்த வீட்டுத் தண்ணீர் கெட்டதாகவும்தான் அவளுக்குத் தெரியும்.