அமர்ந்த நிலை (ரைபிள் சுடுதல்)

அமர்ந்த நிலை என்பது ரைபிள் துப்பாக்கி சுடுதலில் பயன்படும் நான்கு அடிப்படை உடல்நிலைகளுள் ஒன்றாகும். நின்ற நிலை, மண்டியிட்ட நிலை, படுத்த நிலை என்பன ஏனைய மூன்றாகும். சுடுபவர் தரையில் அமர்ந்து, இரு முழங்கைகளையும் கால்களில் ஊன்றித் துப்பாக்கியைத் தாங்குவார். படுத்த நிலைக்கு அடுத்தபடியாக இதுவே உறுதியானதாகக் கருதப்படுகிறது. படுத்தால் புல்லோ மேடோ இலக்கை மறைக்கும் இடங்களில் இது உதவும்.

உறுதியின் அடிப்படை

தசை களைத்தால் நடுங்கும், எலும்பு களைப்பதில்லை. எனவே துப்பாக்கியின் எடை இடது முன்கை எலும்பின் வழியே காலுக்கும், அங்கிருந்து தரைக்கும் செல்லுமாறு அமர வேண்டும். முழங்கையின் முனையை முழங்கால் சில்லின்மேல் வைத்தல் பொதுவான பிழையாகும். உருண்டையான இரு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று நிலைத்து நில்லா. முழங்கைக்குச் சற்று மேலுள்ள தட்டையான பகுதியை முழங்காலுக்கு முன்புறமாகப் பதித்தால் பிடிப்பு வழுக்காது. இடது மேற்கையில் இறுக்கிய தோள்வார் தசையின் வேலையை மேலும் குறைக்கிறது.

வகைகள்

(வலக்கையால் சுடுபவருக்குரியவை)

- கணுக்கால் குறுக்கிட்ட நிலை: கால்களை முன்னே நீட்டி, இடது கணுக்காலை வலது கணுக்காலின்மேல் இட்டு, இடுப்பிலிருந்து முன்குனிதல்.
- சம்மணமிட்ட நிலை: பாதங்களை உடலருகே இழுத்து, முழங்கைகளை முழங்கால் மடிப்புகளில் பொருத்துதல். தாழ்வானது, மூட்டுகள் எளிதில் வளைபவர்க்கு ஏற்றது.
- கால் விரித்த நிலை: பாதங்களை அகற்றி ஊன்றி, முழங்கைகளை முழங்கால்களின் உட்புறம் வைத்தல். சற்று உயரமானது, சரிவான தரைக்கு ஏற்றது.

மூன்றிலும் உடல் இலக்கை நேராக நோக்காமல் வலப்புறம் சாய்வாகத் திரும்பியிருக்கும்.

இயல்பான குறிப்புள்ளி

உடல் தளர்ந்திருக்கும்போது துப்பாக்கி தானாகவே நோக்கும் இடம் இயல்பான குறிப்புள்ளி எனப்படும். குண்டு நிரப்பாத துப்பாக்கியுடன் இதனைச் சோதிக்கலாம்.

1. இலக்கைக் குறிபார்த்துக் கண்களை மூடவும்.
2. இருமுறை மூச்சு விட்டு உடலைத் தளர்த்தவும்.
3. கண்களைத் திறந்து, குறி எங்குள்ளது எனக் காணவும்.

குறி பக்கவாட்டில் விலகியிருந்தால் கைகளால் துப்பாக்கியை இழுக்கலாகாது. உட்கார்ந்த இடத்தில் இடுப்பைச் சிறிது திருப்ப வேண்டும். மேலாகவோ கீழாகவோ இருந்தால் துப்பாக்கியைத் தாங்கும் கையை முன்பின் நகர்த்தலாம். பின்னர் மீண்டும் சோதிக்க வேண்டும்.

போட்டிகளில்

ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைபிள் மும்முறைப் போட்டியில் மண்டியிட்ட, படுத்த, நின்ற நிலைகள் மட்டுமே உள்ளன. அமர்ந்த நிலை இடம்பெறுவதில்லை. அமெரிக்காவின் ஹை பவர் ரைபிள் போட்டிகளில் இது முக்கிய இடம் பெறுகிறது. அங்கு 200 கெஜத் தொலைவில் (சுமார் 183 மீட்டர்) 60 வினாடிகளில் 10 குண்டுகள் சுட வேண்டும். அமர்ந்தோ மண்டியிட்டோ சுடலாம்.

இவ்விலக்கின் பத்துப்புள்ளி வட்டம் 7 அங்குல விட்டமுடையது. முன், பின் குறிநோக்கிகளுக்கிடையே 50 செ.மீ. உள்ள துப்பாக்கியில், முன்குறி கால் மில்லிமீட்டர் விலகினாலே மையத்துக்குரிய குண்டு அவ்வட்டத்தின் விளிம்பை எட்டிவிடும். ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் பின்னுதைப்பால் அசைந்த துப்பாக்கி இயல்பான குறிப்புள்ளிக்கே திரும்புகிறது. அப்புள்ளி இலக்கில் அமையாவிடில், சுடுபவர் பத்து முறையும் தசைவலிவால் அதனை இழுக்க வேண்டியிருக்கும், குண்டுகளும் சிதறும்.