அரைச் சுற்றும் முழுச் சுற்றும்

குழல் நீண்டால் குறி தப்பாது என்பது பழைய நம்பிக்கை. 1853-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற என்ஃபீல்டு துப்பாக்கியின் குழல் 39 அங்குலம். ஆனால் உட்புறத் திருகுவரி 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எனவே குண்டு அரைச் சுற்றோடே வெளியேறியது. நீளம் வேகத்தைத் தரும். தடுமாறாமல் காப்பது சுழற்சி. இதனை உணர்ந்த மான்செஸ்டர் பொறியாளர் ஜோசப் விட்வொர்த், ஏறத்தாழ அதே எடையில் ஒல்லியான, நீண்ட அறுகோணக் குண்டை அமைத்தார். 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார். 1857-ஆம் ஆண்டுச் சோதனைகளில் என்ஃபீல்டு தோற்றது. ஆயினும் விலை மிகுதி, குழலில் கரி படிதல் ஆகியவற்றால் ராணுவம் புதியதை ஏற்கவில்லை. 1860-இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார், தாங்கியில் பொருத்திய விட்வொர்த்தால் 400 கஜத்துக்கு அப்பாலிருந்த இலக்கின் நடுவருகே சுட்டார். அடுத்த சில ஆண்டுகளில், அமெரிக்க உள்நாட்டுப் போரில், தென்மாநிலக் குறிசுடும் வீரரிடம் அத்துப்பாக்கி சேர்ந்தது. இலக்குப் பலகை இருந்த இடத்தில் மனிதர் நின்றனர்.