3 ஆல் வகுபடும் எண்ணும் கொழும்புக் குண்டுவீச்சும்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டது நம்மில் பலர் கேள்விப்பட்ட கதைதான். ஆனால் தாக்குதல் வரப்போவது சில நாட்களுக்கு முன்பே கொழும்பில் சிலருக்குத் தெரிந்திருந்தது. எப்படி?

சிங்கப்பூர் ஆபத்தில் இருந்ததால், 1942 ஜனவரியில் பிரித்தானியரின் சங்கேதம் உடைக்கும் பிரிவு கொழும்புக்கு வந்தது. பெம்புரோக் கல்லூரி என்ற பாடசாலைதான் அவர்களுடைய அலுவலகம். ஜப்பான் கடற்படையின் வானொலிச் செய்திகளைக் கேட்டு எழுதி, அவிழ்ப்பது வேலை.

அந்தச் சங்கேதத்துக்கு நேச நாடுகள் வைத்த பெயர் ஜே.என்.25. அதற்கு இரண்டு பூட்டு. முதலில் ஒரு புத்தகம்: ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஐந்து இலக்க எண். உதாரணமாக 24306 என்று வைத்துக்கொள்வோம். பிறகு இன்னொரு புத்தகத்திலிருந்து 81957 போல ஓர் எண்ணை எடுத்து, மீதி கொண்டுபோகாமல் கூட்டுவார்கள். வானொலியில் போவது 05253.

இதில் ஓர் ஓட்டை. கேட்கும்போது பிழை வந்தால் கண்டுபிடிக்க, முதல் புத்தகத்தின் எண்கள் எல்லாம் 3 ஆல் வகுபடும்படி வைத்திருந்தார்கள். உடைப்பவர்களுக்கு அதுவே திறப்பானது. ஊகித்த எண்ணைப் பல செய்திகளிலிருந்து கழித்துப் பார்த்து, விடை எல்லாம் 3 ஆல் வகுபட்டால் ஊகம் சரி!

இப்படி மார்ச் கடைசியில், ஏப்ரல் முதல் நாட்களில் இலங்கை தாக்கப்படும் என்று தெரிந்தது. அட்மிரல் சோமர்வில் கப்பல்களோடு கடலில் காத்திருந்தார். எதிரி வரவில்லை. ஏப்ரல் 2 இரவு எரிபொருளுக்காக மாலைதீவின் அட்டு தீவுக்குத் திரும்பினார். 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கனடா நாட்டு விமானி பேர்ச்சல் ஜப்பான் கப்பல்களைக் கண்டு அறிவித்தார். மறுநாள் காலை குண்டு விழுந்தது.

முன்பே தெரிந்ததால் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறித் தப்பின. ஆனாலும் கோர்ன்வால், டோர்செட்ஷயர் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் அன்றே நடுக்கடலில் மூழ்கின. 9ஆம் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. இரகசியம் உடைந்தாலும் நாள் தவறினால் உயிர்கள் போகும்.

“வகுபடும் விதி எதற்கு சேர்?” என்று பிள்ளைகள் கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.