டி செல்லின் முடுக்கியும் தடையும்: சிடிஎல்ஏ-4 புரதத்தின் செயல் அறியப்பட்ட வரலாறு

முன்னுரை

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் டி செல்கள், கட்டுமீறினால் சொந்த உடலையே தாக்கவல்லவை. எனவே அவை எவ்வாறு தூண்டப்படுகின்றன, எவ்வாறு அடங்குகின்றன என்பது நோயெதிர்ப்பியலின் அடிப்படை வினாவாகும். அதற்கான விடையில் சிடிஎல்ஏ-4 என்னும் மேற்பரப்புப் புரதம் பெற்ற இடத்தை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

இரு சமிக்ஞைக் கொள்கை

நோயெதிர்ப்புச் செல் செயற்பட இரு சமிக்ஞைகள் தேவை என்னும் கருத்தை 1970இல் பிரெட்ஷரும் கோனும் முன்வைத்தனர். 1975இல் லாஃபர்டியும் கன்னிங்ஹாமும் அதனை டி செல்லுக்கு விரித்துரைத்தனர். ஆன்டிஜென் ஏற்பியின் வழி வரும் முதற் சமிக்ஞை மட்டும் கிடைத்தால் டி செல் செயலற்றுப்போகும் என்பதை 1987இல் ஜென்கின்ஸும் ஷ்வார்ட்ஸும் காட்டினர். டி செல்லின் சிடி28 புரதம், ஆன்டிஜெனை ஏந்திக் காட்டும் செல்லின் பி7 புரதத்தோடு பிணைவதே இரண்டாம் சமிக்ஞைக்கு முதன்மை வழி எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

ஒப்புமை தந்த மயக்கம்

சிடிஎல்ஏ-4இன் மரபணுவைப் பிரான்சின் மார்செய் நகரில் கோல்ஸ்டைன் குழுவினர் 1987இல் கண்டறிந்தனர். அப்புரதம் அமைப்பில் சிடி28ஐ ஒத்திருந்தது. அது பி7உடன் சிடி28ஐ விடப் பன்மடங்கு வலுவாகப் பிணைகிறது என்பதை 1991இல் லின்ஸ்லி குழுவினர் நிறுவினர். அமைப்பும் பிணைப்பும் ஒத்திருந்தமையால் செயலும் ஒத்திருக்கும், அதாவது அதுவும் முடுக்கியே என்ற கருத்து வலுப்பெற்றது.

1994இல் புளூஸ்டோன் குழுவினரும் 1995இல் குரூமெல், ஆலிசன் ஆகியோரும் இதற்கு மாறான சான்றுகளை அளித்தனர். 1995இல் ஷார்ப், மாக் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே ஆராய்ந்த, இம்மரபணு நீக்கப்பட்ட எலிகள், டி செல்கள் கட்டின்றிப் பெருகியதால் சில வாரங்களிலேயே இறந்தன. முடுக்கியை நீக்கியிருந்தால் செயற்பாடு தணிந்திருக்க வேண்டும். அது பெருகியமையால் சிடிஎல்ஏ-4 தடையே என்பது உறுதியாயிற்று.

மருத்துவ விளைவுகள்

இத்தடையை எதிர்ப்பொருளால் மறித்தால் எலிகளில் புற்றுக்கட்டிகள் சுருங்குவதை ஆலிசன் குழுவினர் 1996இல் வெளியிட்டனர். அதன் வழிவந்த இபிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் மெலனோமாப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. ஆயினும் தடை தளர்ந்தமையால் நோயாளிகள் சிலருக்குக் குடலழற்சி போன்ற தன்னெதிர்ப்பு விளைவுகள் தோன்றின. முடுக்கியை நேரடியாகத் தூண்டியதன் விளைவோ இன்னும் கடுமையானது. 2006இல் இலண்டனில், சிடி28ஐத் தூண்டும் டிஜிஎன்1412 என்னும் எதிர்ப்பொருளைப் பெற்ற நலமான தன்னார்வலர் அறுவரும் உறுப்புச் செயலிழப்புக்கு ஆளாகித் தீவிர சிகிச்சை பெற்றே உயிர் பிழைத்தனர்.

முடிவுரை

அமைப்பின் ஒப்புமை செயலின் ஒப்புமைக்குச் சான்றாகாது. ஒரு புரதத்தை நீக்கிப் பார்த்த பின்னரே அதன் பணி துலங்கியது. ஒரே பி7ஐ நாடும் இரு புரதங்களின் சமநிலையே டி செல்லை ஆள்கிறது என்பதும், அச்சமநிலையைக் குலைப்பது மருந்தாகவும் கேடாகவும் அமையலாம் என்பதும் இவ்வரலாற்றால் பெறப்படுகின்றன.