ஒரு வயலில் இரண்டு உரங்கள்

இலண்டன் மாநகருக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்டுஷயரில் ராதம்ஸ்டெட் என்றொரு பண்ணை உண்டு. அங்கே பிராட்பால்க் என்னும் வயலில் 1843-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கோதுமை விதைத்தார்கள். அன்று தொடங்கிய சோதனை இன்றும் நடைபெறுகிறது. தொழுவுரமா, செயற்கை உரமா என்ற நெடிய வழக்கின் வரலாற்றை அவ்வயலில் காணலாம்.

வழக்கைத் தொடங்கியவர் ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக். பயிருக்கு உணவாவது மட்கு அன்று, தாதுப்பொருள்களே என்று அவர் 1840-இல் நூல் எழுதினார். கருத்து பெரிது; ஆனால் அவர் செய்வித்த உரம், மழையில் கரைந்து ஓடிவிடக்கூடாது என்று உருக்கிச் சேர்க்கப்பட்டமையால், வேருக்கும் பயன்படாமற் போயிற்று! ஆசிரியரை மண் தேர்வு எழுத வைத்தது என்பேன்.

ராதம்ஸ்டெட் நிலக்கிழார் ஜான் பென்னட் லாஸ், சூப்பர் பாஸ்பேட் செய்யும் முறைக்கு 1842-இல் காப்புரிமை பெற்றவர். லீபிக்கிடம் பயின்ற கில்பர்ட் என்பாரைத் துணைக்கொண்டு, 1900-இல் தாம் மறையும் வரை 57 ஆண்டுகள் உழைத்தார். உரம் விற்றவரே தொழுவுரத்துக்கும் தம் வயலில் இடம் ஒதுக்கியது அவருடைய நேர்மைக்குச் சான்று.

ஒரு பகுதிக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம். வேறு பகுதிகளுக்குச் செயற்கை உரங்கள். ஒன்றுக்கு எதுவுமே இல்லை. உரமற்ற பகுதி ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் தானியமே தந்தது. தொழுவுரமும், தழை, மணி, சாம்பல் சத்துகள் நிறைந்த செயற்கை உரமும் ஏறக்குறைய ஒத்த விளைச்சலைத் தந்தன. இரு கட்சியாரும் வென்றதாகச் சொல்லிக்கொள்ள இது போதாதா? ஆனால் மண்ணைச் சோதித்தால் வேற்றுமை தெரிந்தது. தொழுவுரப் பகுதியில் அங்ககக் கரிமம் இரு மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. செயற்கை உரப் பகுதியில் சிறிதே கூடியிருந்தது.

அத்தொழுவுரப் பகுதியின் ஒரு பாதிக்குத் தழைச்சத்து உரமும் சேர்க்க 1968 வரை காத்திருக்க நேர்ந்தது. பழைய நெடுந்தாள் கோதுமை, ஊட்டம் மிகுந்தால் சாய்ந்துவிடும். அவ்வாண்டில் குறுந்தாள் வகை வந்தது. அது கூடுதல் ஊட்டத்தைத் தாங்கி நின்றது. பின்னர்ப் பல ஆண்டுகளில் இரண்டும் பெற்ற பகுதியே மிகுதியாக விளைந்தது. மட்கு மண்ணை இளக்கி நீரைப் பிடித்து வைக்கிறது. தன் தழைச்சத்தையோ மெல்ல மெல்லத்தான் விடுகிறது. பயிர் விரைந்து வளரும் வாரங்களில் அக்குறையைச் செயற்கை உரம் நிரப்புகிறது.

நம் கோயம்புத்தூரிலும் 1909-இல் நிரந்தர உரச் சோதனை தொடங்கிற்று. அங்கே 1972-இல் கேழ்வரகும் மக்காச்சோளமும் மாறி மாறிப் பயிரிடும் வேறொரு சோதனை எழுந்தது. அதில் முச்சத்து உரத்தோடு தொழுவுரமும் பெற்ற பாத்தி முன்னின்றது. தழைச்சத்து மட்டுமே பெற்ற பாத்தி, மணிச்சத்தின்றிப் பின்தங்கிவிட்டது.