அமைதிப்படை கப்பலேறிய துறை

திருகோணமலைக் கப்பல்துறைக்கு அந்நியப் படைகள் புதியவையல்ல. ஆங்கிலேயர் 1795இல் பிடித்த துறையை 1957இல் பண்டாரநாயக்கா அரசு மீட்டபோது தெற்கு அதை வெற்றியாகக் கொண்டாடியது. கடற்படைத் தளத்தில் கூலிக்கு நின்றவன் வீட்டிலோ அது வேலை போன செய்தி. வந்த படையை அவரவர் தம் உலையையும் உயிரையும் வைத்தே அளந்தார்கள் என்பது என் எண்ணம்.

இந்திய அமைதிகாக்கும் படையின் கதையும் இதுவே. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் மூவரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர். 1987 ஜூலை 29இல் ரஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார்கள். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தை மறவாத தமிழர், வந்த படைக்கு மாலையிட்டார்கள். ஒப்பந்தத்தின் மறுநாளே கொழும்பில், அணிவகுப்பு மரியாதையின்போது, கடற்படைச் சிப்பாய் ஒருவன் ரஜீவைத் துப்பாக்கிப் பிடியால் தாக்கினான்.

அந்த ஒக்டோபரில் திருமலைச் சிங்களவர் பலர் தாக்கப்பட்டு ஊரைவிட்டு ஓடினர். அமைதிப்படை பார்த்துக்கொண்டு நின்றது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. பின்னர் இந்தியப் பொருள்களைப் பகிஷ்கரிக்கும்படி ஜே.வி.பி. கட்டளையிட்டது. பம்பாய் வெங்காயத்தையும் மைசூர்ப் பருப்பையும் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று கடைக்குப் போனவர்கள் திகைத்திருப்பார்கள்!

முஸ்லிம்களின் மனத்தாங்கல் வேறு. வடக்கையும் கிழக்கையும் இணைத்த ஒப்பந்தம் தங்களைக் கேளாமலே எழுதப்பட்டது என்றார்கள். ஆனாலும் அதே படையின் காவலில் 1988 நவம்பரில் நடந்த மாகாணசபைத் தேர்தலில் அஷ்ரப்பின் முஸ்லிம் காங்கிரஸ் போட்டியிட்டு 17 ஆசனங்களைப் பெற்றது. விரும்பாத வீட்டிலும் தமக்கொரு அறை கேட்ட சாமர்த்தியம் என்பேன்.

மாலையிட்ட தமிழர் மனமே அதிகம் மாறியது. 1987 ஒக்டோபர் 10இல் புலிகளோடு போர் மூண்டது. அதே மாதம் 21இல் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் இந்தியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1989இல், மாகாண ஆட்சியில் இருந்தவர்கள் தமிழ்த் தேசிய இராணுவத்துக்கு இளைஞரைப் பலவந்தமாகச் சேர்த்தார்கள். தாய்மார் அதைப் 'பிள்ளைபிடி' என்றார்கள். அந்தப் பெயருக்கு மேல் ஒரு கருத்துக் கணிப்பும் தேவையில்லை.

அந்த ஆண்டு ஜூனில் ஜனாதிபதி பிரேமதாசா படை வெளியேற வேண்டுமென்றார். புலிகள் கேட்டதும் அதையே. ஏறத்தாழ 1,200 பேரை இழந்திருந்த அமைதிப்படையின் கடைசி அணி, 1990 மார்ச் 24ஆந் திகதி இந்தத் துறையிலேயே கப்பலேறியது. தமிழரிடையே கூட அழுதவர்கள் அதிகமிரார்.

மூன்று மாதம் கழியுமுன், ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. திருமலைத் தமிழர் பலர் கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு மன்னார்க் கரைக்கு வந்தார்கள். அங்கிருந்து வள்ளமேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்தார்கள்.